ஊரைக் கூட்டுவதா, கோப்பைத் திறப்பதா?

காணாமற்போனவர்களைத் தேட சிங்கப்பூரில் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, ஊரையே தேட வைப்பது. இன்னொன்று, துப்பறிவாளர்கள் சத்தமில்லாமல் பழைய கோப்பைத் திரும்பத் திறப்பது. பழைய வழக்குகளைப் பார்த்தால் எனக்கு இரண்டாவதன் மேல்தான் நம்பிக்கை.

1986 மே மாதம், தேக்காவுக்குப் பக்கத்து ஓவன் ரோட்டில் 12 வயதுப் பையன்கள் இருவர் காணாமற்போனார்கள். மெக்டோனல்ட்ஸ் 100,000 வெள்ளி சன்மானம் அறிவித்தது. வழக்குக்கே அந்தக் கடைப் பெயர் ஒட்டிக்கொண்டதுதான் மிச்சம், பையன்கள் கிடைக்கவில்லை. 2004 அக்டோபரில் பாசிர் பாஞ்சாங் மொத்த விற்பனை நிலையத்தில் 8 வயதுச் சிறுமியைக் காணவில்லை என்றதும் பொதுமக்கள் சுவரொட்டியும் கையுமாக இறங்கினார்கள். மூன்று வாரம் கழித்துத் தெலுக் பிளாங்கா குன்றில் உடல்தான் கிடைத்தது. அதுவும் சந்தேக நபர் பினாங்கில் சரணடைந்த பிறகு.

நம்மவர்கள் மறக்காத வழக்கு 1984 டிசம்பரில் நடந்தது. சாங்கி விடுமுறை விடுதிகளின் தமிழ்க் காவலாளி ஒருவர் காணாமற்போனார். கெந்திங்குக்குச் சூதாடப் போனவர் திரும்பவில்லை என்று குடும்பம் புகார் கொடுத்தது. கோப்பு தூங்கியது. 1987இல் துப்பறிவாளர் ஒருவருக்குத் துப்பு கிடைக்க, கொன்று கறியாகச் சமைத்துவிட்டார்கள் என்ற குற்றச்சாட்டில் ஆறு பேர் கைதானார்கள். ஊரே அதிர்ந்தது. ஆனால் உடல் இல்லை, சான்று போதவில்லை. ஜூன் மாதம் ஆறு பேரையும் நீதிமன்றம் விடுவித்தது. கறிக்கதையை இன்றும் காப்பிக்கடையில் சொல்வார்கள், இந்த முடிவை மட்டும் விட்டுவிடுவார்கள்.

2007இல் காணாமற்போன 19 வயதுப் பெண்ணின் வழக்கும் அப்படித்தான். 2020இல் குற்றப் புலனாய்வுத் துறை கோப்பை மறுபடி அலசி, நண்பர் ஒருவரைக் கைது செய்தது. உடல் கிடைக்காததால் கொலைக் குற்றச்சாட்டு நிற்கவில்லை. வேறு குற்றங்களுக்காக 2022இல் 26 மாதச் சிறை.

உடல் இல்லாவிட்டால் வழக்கே இல்லை என்றும் சொல்ல முடியாது. 1963இல் சிஸ்டர்ஸ் தீவருகே முக்குளிக்கப்போன பெண்ணின் உடல் கிடைக்கவே இல்லை. இருந்தும் 1965இல் காதலனுக்கு மரண தண்டனை. படகோட்டியின் சாட்சியமும் அவள் பேரில் எடுத்த காப்பீடும் சூடாகவே சிக்கியிருந்தன. கோப்பைத் தாமதமாகத் திறப்பதன் குறை இங்கேதான் தெரிகிறது.

சரி, இப்போது? 2012 முதல் 2016க்குள் ஏறக்குறைய 10,000 வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்குகளிலும் கார்நிறுத்தக் கட்டடங்களிலும் போலிஸ் கேமராக்கள் வந்துவிட்டன. மறதிநோயால் வழி தவறிய தாத்தா எந்தப் பக்கம் நடந்தார் என்று பார்க்க அவை உதவும், சீக்கிரம் புகார் கொடுத்தால். 24 மணி நேரம் பொறுக்க வேண்டும் என்று இன்னமும் சிலர் சொல்கிறார்கள். அப்படி ஒரு விதியே கிடையாது.