டீசல் முள்ளை நம்பலாமா? 240–33 மீற்றர், மூன்று வருடப் பாவனைக்குப் பிறகு

நிலாவெளியில் பழைய ஜீப்புக்கு ஜப்பான் டீசல் இன்ஜின் ஏற்றும் நண்பர் ஒருவர், எந்த டீசல் மீற்றர் பூட்டலாம் என்று கேட்டார். நான் பாவிக்கும் 240–33 ஓம் மீற்றரில் முள் நடுங்காது, இரவில் தெளிவாகத் தெரியும், விலையும் பரவாயில்லை. ஆத்திரமெல்லாம் பெட்டியில் ‘எல்லா வாகனத்துக்கும்’ என்று அச்சடித்திருப்பதில்தான்.

பொருந்தாது. தாங்கிக்குள் மிதவையோடு ஏறி இறங்கும் யூனிற்றின் மின்தடையை (ஓம்) வைத்தே முள் நகரும். இந்த மீற்றருக்குத் தாங்கி வெறுமையென்றால் 240 ஓம், பாதிக்கு ஏறக்குறைய 103, நிறைந்தால் 33. ஜப்பான் தாங்கிகளின் மிதவை யூனிற் பெரும்பாலும் வெறுமையில் 110, நிறைவில் 3. இரண்டையும் தொடுத்தால் சொட்டு டீசல் இல்லாத தாங்கியும் அரைவாசி காட்டும். அதை நம்பி, கந்தளாய் தாண்டி ஹபரணைப் பக்கத்து யானைக் காட்டில் நின்றால், பம்பில் ஏறிய காற்றை எடுக்கும்வரை டீசல் ஊற்றியும் பயனில்லை.

30 ஓம் ரெசிஸ்டரைத் தொடராகப் போடச் சொல்வார்கள். நிறைவு 33 ஆகிவிடும், சரி. வெறுமை 140தான், முள் கால்வாசிக்கு மேலேயே நிற்கும். ஐரோப்பிய 10–180 மீற்றரில் (வெறுமை 10, நிறைவு 180) திசையே தலைகீழ், அதை எந்த ரெசிஸ்டராலும் திருப்ப முடியாது. மீற்றருக்கு ஏற்ற யூனிற்றைத்தான் மாற்றவேண்டும். கடையிலேயே மிதவைக் கம்பியை ஏற்றி இறக்கி மல்ரிமீற்றரால் மேலும் கீழும் எத்தனை ஓம் என்று அளந்து பாருங்கள்.

யூனிற்றைப் பூட்டும்போது, 260 மில்லிமீற்றர் ஆழத் தாங்கியென்றால் கம்பி திரும்பும் இடம் 130இல், கம்பியின் நீளம் 180 அளவில். மிதவை அடியிலும் தடுப்புத் தகட்டிலும் முட்டக்கூடாது. பிறகு ஐந்தைந்து லீற்றராக ஊற்றி முள் நிற்கும் இடத்தைக் குறியுங்கள். அடி சரிந்த தாங்கியில் முள்ளின் பாதி டீசலின் பாதியல்ல.

திருகோணமலை உப்புக்காற்றில் முதலில் கெடுவது ஏர்த். துருவால் 30 ஓம் கூடினாலே நிறைந்த தாங்கி முக்காலாகத் தெரியும். யூனிற்றின் விளிம்புத் திருகிலிருந்து சேசிக்குத் தனி வயர் போட்டு, முனையில் கிரீஸ் பூசுங்கள்.

இத்தனை சொன்னாலும், நண்பருக்கு இந்த மீற்றர் வேண்டாம். இன்ஜின் வந்த வாகனத்தின் டாஷ் மீற்றரையும் தாங்கி யூனிற்றையும் சோடியாகக் கழற்றி வாங்கட்டும். சில பழைய டாஷ்களில் டீசல் மீற்றருக்குத் தனி வோல்டேஜ் ரெகுலேட்டர் இருக்கும். அதையும் விடாமல் எடுக்கவேண்டும். நேரே 12 வோல்ட் கொடுத்தால் அந்த மீற்றர் எரிந்துவிடும்.