நீடாமங்கலம் கேட்டில் கத்திய பிரேக்

விமானம் நேரத்துக்கு வந்தது. பெட்டிகள் முழுசாக வந்தன. திருச்சியில் வண்டியும் சொன்ன இடத்தில் நின்றது. ஒழுங்காக நடந்ததை எழுதி என்ன ஆகப்போகிறது? ஊரில் இருந்த மூன்று வாரத்தில் முழுசாக இரண்டரை நாள் ஒரு கீச்சுச் சத்தத்தின் பின்னால் அலைந்தேன். அதைத்தான் எழுத வேண்டும்.

அப்பாவின் கார். வாங்கிப் பதினொரு வருஷம், ஓடியது ஐம்பதாயிரம் கிலோமீட்டருக்கும் குறைவு. மாதத்துக்கு இரண்டு தடவை மன்னார்குடிக்கு, பேங்குக்கும் பிரஷர் மாத்திரைக்கும். மற்ற நாளெல்லாம் தகரக் கொட்டகையின் கீழ்தான். ஐப்பசி, கார்த்திகை அடைமழை முழுக்க அசையாமல் அங்கேயே நின்றிருக்கிறது.

வந்த மறுநாள் கும்பகோணம் போய்விட்டு வலங்கைமான், ஆலங்குடி வழியாகத் திரும்பினேன். தை மாதக் கடைசி. சம்பா அறுவடை நடந்துகொண்டிருந்தது. ரோட்டின் பாதியில் நெல் காய்கிறது, மீதிப் பாதியில் வைக்கோல் ஏற்றிய டிராக்டர் போகிறது. நீடாமங்கலம் ரயில்வே கேட்டைப் பற்றி இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2011-இல் மன்னார்குடிக்கு ரயில் திரும்ப வந்ததில் எல்லோருக்கும் சந்தோஷம்தான். ஆனால் இன்ஜின் மாற்றுவதும் நெல் ஏற்றிய கூட்ஸ் போவதுமாக அந்த கேட்டில் நின்றவனுக்குத்தான் தெரியும். பஸ், லாரி, நான், எனக்குப் பின்னால் ஒரு கல்யாண வேன். கேட் திறந்து வரிசை இரண்டடி நகர்ந்தது. என் கார், கத்தியை அம்மியில் தேய்த்தது போல, கீ...ச் என்றது. நின்றது. மறுபடி இரண்டடி. மறுபடி கீ...ச். கல்யாண வேனிலிருந்து ஒரு பெரியம்மா தலையை வெளியே நீட்டிப் பார்த்தார். வெள்ளரிப் பிஞ்சு விற்ற பையன் ஜன்னல் பக்கம் குனிந்து, "அண்ணே, பிரேக்கு போச்சு" என்றான். பத்து வயசு இருக்கும்.

எனக்குக் கோபம். டொரண்டோவில் பதினாறு வருஷமாக வண்டி ஓட்டுகிறேன். பனிக்காலத்தில் ரோட்டில் கொட்டும் உப்பு, சக்கரத்தோடு சுற்றும் பிரேக் தட்டான டிஸ்க்கைத் தின்னுகிற ஊர் அது. ஈர ராத்திரி கழித்துக் காலையில் வண்டியை எடுத்தால் டிஸ்க்கில் ஆரஞ்சு நிறத்தில் துரு படிந்திருக்கும், நாலு தடவை பிரேக் போட்டால் போய்விடும். இதுவும் அந்த மழைத் துருதான், தானாகப் போய்விடும் என்று அப்பாவிடம் பெரிய மனுஷனாகச் சொன்னேன். நாற்பது கிலோமீட்டர் ஓட்டியும் போகவில்லை. துருவாக இருந்தால் கேட்டுக்கு வருவதற்கு முன்பே போயிருக்க வேண்டும் என்பது அப்புறம்தான் மண்டையில் உறைத்தது.

சரி, முறையாகவே போவோம் என்று பெரிய டவுன் ஒன்றில் இருக்கும் சர்வீஸ் சென்டருக்குப் போனேன். ஏசி, சோபா, பில்டர் காபி என்ற பெயரில் மெஷினிலிருந்து வந்த ஒரு திரவம். கும்பகோணத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் இப்படி ஒரு காபி கொடுக்க எப்படி மனசு வருகிறதோ. முக்கால் மணி நேரம் கழித்து ஒரு தம்பி டேப்லெட்டைத் திருப்பிக் காட்டினார். முன் டிஸ்க் இரண்டு, அதை இறுக்கிப் பிடிக்கும் பேடு, பின் டிரம்முக்குள் அதே வேலை செய்யும் ஷூ, பேடை அழுத்தும் இடது காலிப்பர் மொத்தமாக, எல்லாம் மாற்ற வேண்டுமாம். 19,400 ரூபாய், வரி தனி.

"வீலைக் கழற்றிப் பார்த்தீர்களா?"

"செக் பண்ணியாச்சு சார்."

"நான் உள்ளே வந்து பார்க்கலாமா?"

"கஸ்டமர் உள்ளே அலவ் இல்ல சார்."

வெளியே வந்து வீல் போல்ட்டைப் பார்த்தேன். மழைக்காலத்துச் சேறு அப்படியே காய்ந்திருந்தது. ஸ்பேனர் பட்ட தடமே இல்லை. டொரண்டோவிலும் என்னை உள்ளே விடுவதில்லைதான். அங்கே இன்சூரன்ஸ் என்று ஒரு காரணம் சொல்வார்கள், கழற்றியதைப் போட்டோவாவது அனுப்புவார்கள். அந்த ஊரின் சோபாவை மட்டும் இறக்குமதி செய்திருக்கிறோம்.

அத்தான்தான் சொன்னார்: "பாமணியாத்துப் பாலத்துக்கு அந்தாண்ட பாய் பட்டறை இருக்கு. போன் எல்லாம் எடுக்க மாட்டாரு, நேரா போ." போனேன். பூட்டியிருந்தது. பக்கத்து டீக்கடையில் கேட்டால் பாய் ஒரு கல்யாணத்துக்குப் போயிருக்கிறார், நாளை வருவார். மறுநாள் போனேன். தொழுகைக்குப் போயிருக்கிறார், இதோ வந்துவிடுவார். இந்த 'இதோ' ஒன்றரை மணி நேரம். நான் ஊரை விட்டுப் போன வருஷத்தில் இருந்த அதே நீளம், ஒரு நிமிஷம்கூடக் குறையவில்லை. டொரண்டோவில் பத்து மணி என்றால் பத்து மணி. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து மூன்று டீ குடித்தபடி இதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

பாய் வந்தார். அறுபது வயசுக்கு மேல் இருக்கும். வண்டியைத் தொடவில்லை. கேள்வி கேட்டார்.

"மிதிச்சா சத்தம் வருதா தம்பி, விட்டா வருதா?"

எனக்குத் தெரியவில்லை. இரண்டு நாளாக அந்தச் சத்தத்தோடு குடும்பம் நடத்தியிருக்கிறேன், இதைக் கவனிக்கவில்லை.

"ரிவர்ஸ்ல வருதா? வளைக்கும்போது மாறுதா? ஹேண்ட் பிரேக்கை லேசா தூக்கினா?"

ஒன்றுக்கும் பதில் இல்லை. பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். பழைய ரைஸ்மில் ஒன்றின் நீளமான சுவர் ஓரமாக ஓட்டச் சொன்னார், ஜன்னலை இறக்கிவிட்டு. முதலில் வலது பக்கம் சுவர், அப்புறம் வண்டியைத் திருப்பி இடது பக்கம் சுவர். சத்தம் சுவரில் பட்டுத் திரும்பி ஜன்னல் வழியாகக் காதுக்குள் வருகிறது. வலது பக்கம் சுவர் இருந்தபோது லேசாகத்தான் கேட்டது. இடது பக்கம் வந்ததும் ஊசி மாதிரி. "இப்ப மெதுவா பிரேக்கை மிதிங்க." மிதித்தேன். சத்தம் நின்றது. விட்டேன், திரும்ப வந்தது. நான்கு தடவை மிதிக்கவைத்தார். "ரெண்டு சத்தம் இருக்கு தம்பி. மேல கீச்சு, அடியில சர சரன்னு ஒண்ணு." அவர் சொன்ன பிறகுதான் அந்தச் சர சர என் காதில் விழுந்தது. இடது முன் சக்கரம் என்பது கழற்றுவதற்கு முன்பே முடிவாகிவிட்டது. ஒரு ரூபாய்க் கருவி கிடையாது, ஒரு சுவர்தான்.

அடுத்து நடந்ததைச் சொல்லாமல் விட முடியாது. வண்டியைத் தூக்கியது ஒரு ஜாக்கி. ஸ்டாண்டு? அடியில் ஒரு தென்னங்கட்டை. பையன் ரப்பர் செருப்போடு சக்கரத்தின் கீழே காலை நீட்டி உட்கார்ந்தான். எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஸ்டெப்னியை எடுத்து வண்டிக்கு அடியில் நானே தள்ளினேன், பின் சக்கரத்துக்கு இரண்டு செங்கல் வைத்தேன். பாய் சிரித்தார். "பாரின்ல அப்படியா?" அப்படித்தான் பாய். இந்த விஷயத்தில் எனக்கு ஊர்ப் பாசம் கிடையாது.

சக்கரம் வந்தது. முதலில் அந்தச் சர சர. சக்கரத்துக்கு உள்பக்கம் ஆக்ஸிலைச் சுற்றி வைக்கோல், சேற்றோடு இறுகி, பிரி திரித்தது போல உருண்டிருந்தது. அதன் ஒரு நுனி டிஸ்க்குக்குப் பின்னால் இருக்கும் தகட்டுக்குள் புகுந்து உரசிக்கொண்டிருந்தது. அறுவடை சமயத்தில் நாளைக்கு ரெண்டு வண்டி இப்படி வரும் என்றார். சைலன்சர் பக்கம் சுற்றினால் தீயே பிடிக்குமாம்.

அப்புறம் கீச்சு. காலிப்பரைத் தூக்கி இரண்டு பேடையும் என் உள்ளங்கையில் வைத்தார். வெளிப்பக்கப் பேடு பாதிக்கு மேல் இருந்தது. உள்பக்கத்தில் மிச்சமிருந்தது சட்டைப் பொத்தான் கனம், இரண்டு மில்லிமீட்டர் இருந்தால் அதிகம். அதன் ஓரத்தில் ஒரு சின்னத் தகரம், நாக்கு மாதிரி வளைந்து, நுனி பளபளவென்று தேய்ந்திருந்தது. பேடு தேய்ந்து தீரும் நேரத்தில் டிஸ்க்கில் உரசிக் கத்துவதற்கென்றே கம்பெனியில் வைத்து அனுப்பும் நாக்கு அது. பதினாறு வருஷம் ஓட்டியும் அதை நான் கண்ணால் பார்த்ததில்லை.

ஒரு பேடு மட்டும் ஏன் தேய்ந்தது? காலிப்பர் நகர்வதற்கு 'பின்' என்று இரண்டு இரும்புக் குச்சிகள் இருக்கின்றன. அதில் கீழ்ப் பின்னின் ரப்பர் உறை கிழிந்து, மழைத் தண்ணீர் இறங்கி, துருப்பிடித்து இறுகிவிட்டது. காலிப்பர் நகரவில்லை. பேடைத் தள்ளும் பிஸ்டன் இருக்கிற உள்பக்கத்துப் பேடு மட்டும் ஓயாமல் உழைத்திருக்கிறது. பையன் ஸ்பேனரை வைத்துத் தட்டித் திருகிப் பின்னை வெளியே எடுத்தான். உப்புத்தாளில் தேய்த்து, புது உறை மாட்டி, சிலிக்கான் கிரீஸ் தடவினார்கள். பட்டறை மூலையில் ஒரு டின் சாதாக் கிரீஸ் இருந்தது. அதைப் போட்டால் என்ன என்று கேட்டுவிட்டேன். "ரப்பர் ஊதிப்போய் மறுபடி புடிச்சுக்கும்" என்றார் பாய்.

டிஸ்க்கில் குறைந்தபட்சக் கனம் பொறித்திருக்கும். துணியால் துடைத்துக் காட்டினார். 15 மில்லிமீட்டர். அளந்தால் 16-க்கு மேலேயே இருந்தது. மாற்றத் தேவையில்லை. பேடை மட்டும் இரண்டு பக்கமும் சேர்த்து மாற்ற வேண்டும், ஒரு பக்கம் மட்டும் புதுசு போட்டால் வண்டி இழுக்கும். ஸ்பேர்ஸ் கடைக்கு நானே போனேன். "கம்பெனியா, லோக்கலா?" என்றார்கள். கம்பெனி, சீல் பிரிக்காத டப்பா, 1,350 ரூபாய். பின் டிரம்மையும் திறந்து தூசியைச் சோப்புத் தண்ணீரால் கழுவினார்கள். காற்றடித்து ஊதக்கூடாது, நெஞ்சுக்கு ஆகாது என்று பாய் பையனை அதட்டினார். தென்னங்கட்டை மேல் இருந்த கோபத்தில் கொஞ்சம் கழித்துக்கொண்டேன்.

பிரேக் ஆயில் டிகாஷன் நிறத்தில் இருந்தது. ஈரத்தை இழுக்கும் சரக்கு, இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாற்ற வேண்டியது. அப்பா மாற்றியதே இல்லை. பழைய ஆயிலை வெளியேற்றப் பையன் பின் சக்கரத்தடியில், நான் சீட்டில். "மிதிங்க... மிதிங்க... புடிங்க... விடுங்க." நாலு சக்கரத்துக்கும் இதே பாட்டு. டொரண்டோவில் யார் என்னை மிதிக்க விடப்போகிறார்கள்? தொடை வலி இரண்டு நாள் இருந்தது.

எல்லாம் சேர்த்துக் கூலி 800. ஆயிலும் கிரீஸும் தனியாக 400. டொரண்டோவில் ஒரு மணி நேரக் கூலியே நூறு டாலரைத் தாண்டும். ஆயிரத்து நானூறு ரூபாயாக நீட்டினேன். மீதி இருநூறை எண்ணிக் கையில் வைத்துவிட்டு, "முன்னூறு கிலோமீட்டருக்கு அழுத்திப் பிரேக் போடாதீங்க, பேடு செட் ஆகட்டும்" என்றார். பில் கேட்டேன். சிகரெட் அட்டையைக் கிழித்து எழுதிக் கொடுத்தார்.

திரும்பும்போது சும்மாவே நீடாமங்கலம் வரைக்கும் போனேன். கேட் மூடியிருந்தது. இரண்டடி நகர்ந்தேன், சத்தம் இல்லை. வெள்ளரிப் பையனைத் தேடினேன், அன்று அவன் வரவில்லை.

மறுநாள் அப்பா வண்டியை எடுத்துக்கொண்டு மாத்திரை வாங்கப் போனார். வந்ததும் சாவியை ஆணியில் மாட்டிவிட்டு முணுமுணுத்தார்: "முன்னெல்லாம் அந்தச் சத்தத்துக்கே மாடு ஒதுங்கிடும். இப்ப ஒவ்வொண்ணுக்கும் ஹாரன் அடிக்க வேண்டியிருக்கு."