"ஆன்" முன்னாலா, பின்னாலா?

போன வாரம் அடையாறில் எங்கள் மாடி வீட்டுப் பெண் ஒரு கடிதத்தோடு வந்தாள். 29சி பஸ்ஸில் பையை மறந்து வைத்துவிட்டாளாம். டிப்போவில் கொடுக்க ஆங்கிலத்தில் எழுதியிருந்தாள். முதல் வரியே "தி பஸ் விச் ஐ டிராவல்ட்".

"இதுல என்னக்கா தப்பு?"

தப்பு தமிழிலிருந்து வருகிறது. "பஸ்ஸில் வந்தேன்" என்பதை "நான் வந்த பஸ்" என்று மாற்றினால் "இல்" போய்விடும். எழுதிய பேனா, படுத்த பாய், படித்த பள்ளி எதிலும் உருபு கிடையாது, யாருக்கும் குழப்பமும் இல்லை. பெயரெச்சத்தின் அழகே அது. ஆங்கிலம் அப்படி விடாது. "டிராவல்ட் ஆன் தி பஸ்" என்றால் அந்த "ஆன்" எங்காவது உட்கார்ந்தே ஆகவேண்டும்.

எங்கே? "தி பஸ் ஆன் விச் ஐ டிராவல்ட்" என்று முன்னால் வைக்கலாம். "தி பஸ் ஐ டிராவல்ட் ஆன்" என்று கடைசியில் விடலாம். இரண்டுமே சரி. கடைசியில் வரக்கூடாது என்று பள்ளியில் பலருக்கும் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். 1672இல் ஆங்கிலக் கவிஞர் ஜான் டிரைடன், அவருக்கு முந்தைய நாடகாசிரியர் பென் ஜான்சனின் வரிகளில் இதைக் குறையாகச் சொன்னார். அப்புறம் வந்த இலக்கணக்காரர்கள் பலர் அதையே பிடித்துக்கொண்டார்கள். ஆங்கிலேயர்கள் அன்றும் இன்றும் கடைசியில் வைத்தே பேசுகிறார்கள்.

முன்னால் வைப்பதில்தான் நிபந்தனை அதிகம். அங்கே பொருளுக்கு "விச்", ஆளுக்கு "ஹூம்" மட்டுமே. "ஆன் தட்", "டு ஹூ" கிடையாது; அந்தச் சொல்லை விழுங்கவும் முடியாது. கடைசியில் விட்டால் "விச்", "தட்" எதுவும் போடலாம், போடாமலும் இருக்கலாம். புதிதாக எழுதுபவர்களுக்கு நான் கடைசியில் விடத்தான் சொல்வேன்.

ஆனால் எல்லா இடத்திலும் நம் விருப்பப்படி வைக்க முடியாது. "லுக் ஆஃப்டர்" போன்ற ஜோடிகளைப் பிரிக்கக்கூடாது. "தி சைல்ட் ஐ லுக் ஆஃப்டர்" என்பதே இயல்பு. "தி எக்ஸ்டென்ட் டு விச்", "தி மீட்டிங் டியூரிங் விச்" இவற்றில் முன்னால்தான் நிற்கும்.

வாடகைக் கடிதங்களில் நான் அதிகம் அடித்துத் திருத்துவது "தி ஹவுஸ் இன் விச் ஐ லிவ் இன்". பயத்தில் இரண்டு பக்கமும் வைத்துவிடுகிறார்கள். ஒன்று போதும். "விச்"சுக்குப் பதில் "வேர்" (where) போட்டால் அதுவும் வேண்டாம். "தி ஹவுஸ் வேர் ஐ லிவ்" என்பதில் "இன்" உள்ளேயே இருக்கிறது.

"அப்போ டிப்போவுக்கு எதை எழுதட்டும் அக்கா?"

அலுவலகக் கடிதம் என்பதால் "ஆன் விச்" எழுதச் சொன்னேன். எழுதி முடித்து, பஸ்ஸின் படத்தைத் தோழிக்கு அனுப்பினாள். கீழே அவளாகவே தட்டியிருந்தாள்: "தி பஸ் ஐ கேம் ஆன்."