புது ஸ்கேட்டா, பழைய ஸ்கேட் 3-ஆ, டோனி ஹாக்கா: ராம்நாடு கரையில் எது தாங்கும்?

‘ஸ்கேட் 3’ என்ற ஸ்கேட்போர்டு வீடியோ கேம் வந்தது 2010-இல். அடுத்ததற்கு 15 வருஷம் காத்திருக்க வேண்டியிருந்தது. 2025 செப்டம்பர் 16 அன்று ஃபுல் சர்க்கிள் ஸ்டுடியோ ஏர்லி ஆக்சஸாக (முழுசாக முடியும் முன்னே ஆடக் கொடுப்பது) இறக்கிய புது ஆட்டத்துக்கு எண்ணே கிடையாது. ‘ஸ்கேட்’ என்று எழுதிப் பக்கத்தில் ஒரு புள்ளி, அவ்வளவுதான். விலையும் இல்லை. ஆனால் இறங்கிய கையோடு ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். ஸ்டீம் என்ற பிசி ஆட்டக் கடையில் மதிப்பீடு ‘மிக்ஸ்டு’ (பாதிப் பாராட்டு, பாதித் திட்டு) என்று நின்றது.

அந்தச் சண்டையில் பாதி, ஆட்கள் பொம்மை மாதிரி இருக்கிறார்கள் என்பதும், வீ என்ற ரோபோக் குரல் ஓயாமல் தொணதொணக்கிறது என்பதும். இரண்டும் நியாயமான புகார்தான். பத்து நாளில் பழகியும் விடும். தொண்டியிலிருந்து ராமேஸ்வரம் வரை விளையாடுகிறவர்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி வேறு: கரண்ட் போனால் இந்த ஆட்டம் என்ன ஆகும்?

புதுசில் தனியாகச் சறுக்கினாலும் நெட் வேண்டும். சான் வான்ஸ்டர்டாம் என்ற அந்த நகரமே சர்வரில்தான் இருக்கிறது, ஒரு சர்வரில் 150 பேர் வரை. லைன் அறுந்தால் ஆட்டமும் அறுந்தது. லேப்டாப்பில் ஆடுகிறவர்கள் ரௌட்டருக்கு ஒரு மினி யுபிஎஸ் போட்டால் தப்பிக்கலாம். வாங்கும் முன் ரௌட்டர் அடாப்டரில் அச்சடித்திருக்கும் வோல்ட்டும் ஆம்பியரும் பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். பல பெட்டிகளுக்கு 12 வோல்ட். ஃபைபர் பெட்டியும் வைஃபை பெட்டியும் தனித்தனியாக இருந்தால் இரண்டுக்கும் மின்சாரம் கொடுக்க வேண்டும். ஒன்றுக்கு மட்டும் கொடுத்தால் பலனில்லை. டிவி, கன்சோல்காரர்களுக்கு இன்வெர்ட்டர்தான் வழி. அதில் ‘யுபிஎஸ்’ பக்கம் சுவிட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். சாதாரண மோடில் மாறுகிற அந்தக் கண நேர இடைவெளியிலேயே ரௌட்டர் அணைந்துவிடக்கூடும். திரும்பக் கிளம்பி லைன் பிடிப்பதற்குள் ஆட்டம் உங்களை வெளியே தள்ளியிருக்கும்.

ஒரு நாளைக்கு 2 ஜிபி பிளானில், போன் ஹாட்ஸ்பாட்டில் இதை இறக்கலாம் என்ற நினைப்பே வேண்டாம். முதல் இறக்கத்தோடு முடிவதில்லை, அப்டேட் வந்துகொண்டே இருக்கும்.

இத்தனை தொல்லைக்கும் மேலே ஏன் ஆடுகிறார்கள்? கைதான் காரணம். ஃப்ளிக்-இட் என்ற அந்தப் பழைய முறை அப்படியே இருக்கிறது: கன்ட்ரோலரின் வலது குச்சியைக் கீழே இழுத்து நேர்மேலே சுண்டினால் ஆலி (பலகையோடு எம்புவது), மேலே இடப்பக்கமாகச் சுண்டினால் கிக்ஃப்ளிப் (பலகை காலடியில் உருளும்), வலப்பக்கமாக என்றால் ஹீல்ஃப்ளிப் (எதிர்ப்பக்கம் உருளும்). கேரம் காயைச் சுண்டிப் பழகிய விரலுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. 2007-இல் வந்த முதல் ஸ்கேட்டிலிருந்து இதுதான் இந்த வரிசையின் உயிர். புதுசில் அசைவு இன்னும் வழவழப்பு. பலகையை விட்டு இறங்கிச் சுவர் ஏறலாம், மொட்டை மாடியிலிருந்து சறுக்கிக் குதிக்கலாம். பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ், பிசி எதில் இருக்கிற கூட்டாளியோடும் சேர்ந்து ஆடலாம். கீழக்கரையில் இருக்கிற தம்பியும் துபாயில் இருக்கிற அண்ணனும் ஒரே படிக்கட்டில் குதிக்கலாம் என்பது, நம் பக்கம் சின்ன விஷயம் இல்லை.

குறை என்னவென்றால், சறுக்கி என்ன செய்வது? கதை என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. அங்கங்கே சின்னச் சின்னச் சவால், முடித்தால் ஒரு பெட்டி, பெட்டிக்குள் ஒரு சட்டை. காசுக்குச் சான் வான் பக்ஸ் என்று ஒரு கடை நாணயமும் உண்டு. அது சட்டைக்கும் தொப்பிக்கும்தான். வாங்காவிட்டால் ஆட்டத் திறமை ஒன்றும் குறையாது. வாங்கவே வேண்டாம் என்பதே எங்கள் கட்சி.

ஸ்கேட் 3-இல் போர்ட் கார்வர்டன் நகரமும், அணி சேர்த்துப் பலகை விற்கிற கதையும், எலும்பு முறிய முறியப் புள்ளி தரும் ஹால் ஆஃப் மீட்டும் வட்டிலேயே இருக்கின்றன. நெட் தேவையில்லை. சுலபம், சாதாரணம், ஹார்ட்கோர் என்று மூன்று நிலை உண்டு. ஹார்ட்கோரில் ஆடினால்தான் புதுசு எவ்வளவு தாராளமாக விட்டுக்கொடுக்கிறது என்று புரியும். எந்தப் பெட்டியில் ஓடும் என்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். பிஎஸ்3 வட்டு பிஎஸ்5-இல் ஓடாது. எக்ஸ்பாக்ஸ் 360 வட்டு சீரிஸ் எக்ஸில் ஓடும், ஆனால் முதல் தடவை முழு ஆட்டத்தையும் நெட்டிலிருந்து இறக்கிக்கொள்ளும். அதற்குப் பிறகும் வட்டு உள்ளேயே இருக்க வேண்டும். சீரிஸ் எஸ்-இல் வட்டு போட இடமே இல்லை, கடையில் டிஜிட்டலாக வாங்க வேண்டியதுதான். பிசிக்கு இது வரவேயில்லை.

டோனி ஹாக் 3+4 (பழைய மூன்றாம், நான்காம் பாகங்களின் புது ஆக்கம்; 2025 ஜூலை 11, அயர்ன் கேலக்ஸி) வேறு சாதி ஆட்டம். இங்கே கால் முக்கியமில்லை, கணக்குதான். வளைவில் இறங்கும் நொடியில் ஆர்2 தட்டினால் ரிவர்ட் (பலகையைச் சட்டென்று திருப்புவது), உடனே மேல்-கீழ் தட்டினால் மேனுவல் (இரண்டு சக்கரத்தில் ஓடுவது), அதிலிருந்து அடுத்த கம்பி. நடுவில் விழுந்தால் அந்தச் சங்கிலியில் சேர்த்த புள்ளி அத்தனையும் போச்சு. ரசிகர்கள் கடுப்பானது நான்காம் பாகத்தில். 2002-இல் வந்த மூலத்தில் கடிகாரம் இல்லை. ஆளைத் தேடிப் போய்ப் பேசி வேலை வாங்க வேண்டும். புதுசில் அதையும் 2 நிமிஷ ஓட்டமாக நறுக்கிவிட்டார்கள், கார்னிவல், சிகாகோ மைதானங்களையும் தூக்கிவிட்டார்கள். மூன்றாம் பாகத்துக்காக மட்டும் வாங்கினால் வருத்தம் இருக்காது.

இனி உப்புக் காற்று. கச்சான் (மேற்குக் காற்று) அடிக்கிற மாதங்களில் சன்னல் ஓரம் கிடக்கிற கன்ட்ரோலரின் சார்ஜ் ஓட்டையில் பச்சைக் களிம்பு பூத்துவிடும். குச்சிக்கு உள்ளே ஈரமும் தூசும் சேர்ந்தால் தொடாமலே நகரத் தொடங்கும். டோனி ஹாக்கை அம்புக்குறிப் பட்டனில் ஆடிவிடலாம், அதனால் அது தாங்கும். ஸ்கேட்டில் மேனுவல் பிடிக்க வலது குச்சியைப் பாதி மட்டும் நகர்த்தி நிறுத்த வேண்டும். குச்சி தானே நகர்ந்தால் கேட்காமலே மூக்கு தூக்கும். டெட்சோனை (குச்சியின் சின்ன அசைவைக் கண்டுகொள்ளாத அளவு) கூட்டினால் பாதி நகர்த்தலே கணக்கில் வராது, மேனுவல் போய்விடும். அணைத்துவிட்டு, குச்சி ஓரத்தில் 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் இரண்டு சொட்டு விட்டு, இருபது முறை சுழற்றி, நன்றாகக் காயவிட்டுப் பாருங்கள். அழுக்கு என்றால் சரியாகும். உள்ளே தேய்மானம் என்றால் இரண்டு நாளில் பழைய கதைதான். மாற்றும்போது ஹால் எஃபெக்ட் (காந்தத்தால் அசைவை உணரும்) குச்சி உள்ளதாக வாங்கினால் அந்தத் தேய்மானமே இல்லை. ஆடாத நேரம் மூடி போட்ட டப்பாவில், சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு.

நிஜப் பலகை ஓட்டுகிற மாதிரியே வேண்டும் என்கிறவர்களுக்கு ‘செஷன்’ என்ற ஆட்டம் இருக்கிறது. இடக்குச்சி இடக்கால், வலக்குச்சி வலக்கால், திரும்புவது ட்ரிகர் பட்டனில். புள்ளியும் கிடையாது, பாராட்டும் கிடையாது. முதல் ஆலிக்கே ஒரு சாயங்காலம் போகும். இரண்டு குச்சியும் சுத்தமாக இருக்க வேண்டும்.

மீன்பிடித் தடைக்காலம் 61 நாள், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. கையில் நேரம் கிடைக்கிற அந்த நாட்களில், வீட்டில் பழைய பிஎஸ்3 கிடந்தால் அதில் ஸ்கேட் 3. ஃபைபர் லைன் இருந்தால் புதுசை இலவசமாக இறக்கி, காசு போடாமல்.