கோபால்ட் ஒட்சைட்டா, லந்தனம் மங்கனைட்டா: மலையக வகுப்பறைக்கு எது?

சூடேறும்போது ஒரு பொருளின் காந்த ஒழுங்கு குலையும் காந்த நிலைமாற்றத்தை உயர்தரப் பிள்ளைகளுக்குக் கண்முன்னே காட்ட வேண்டும். கோபால்ட் ஒட்சைட்டையும் லந்தனம்-ஸ்ட்ரொன்சியம் மங்கனைட்டையும் யோசித்தேன், எடுத்தது மங்கனைட்டை.

கோபால்ட் பக்கம் மனம் போனதற்கும் காரணம் உண்டு. அதில் அந்த மாற்றம் நிகழும் நீயெல் வெப்பநிலை 291 கெல்வின் அளவு, அதாவது 18 பாகை செல்சியஸ். நுவரெலியாவில் விடியற்காலை அதற்குக் கீழே, வெயில் ஏறிய பகல் அதற்கு மேலே. அலுமாரியில் கிடக்கும் தூள் தானாகவே நிலைமாறிக்கொண்டிருக்கும். ஆனால் அதை எப்படிக் காட்டுவது? எதிர்ப்பெரோகாந்தத்தில் அணுக்களின் காந்தத் திருப்பங்கள் எதிரெதிராக அடுக்கப்பட்டு ஒன்றையொன்று அழித்துவிடும். சாதாரணக் காந்தத்துக்கு இரண்டு நிலையும் ஒன்றுதான். அந்த அடுக்கை நேரே பார்க்க நியூத்திரன் கற்றை வேண்டும். பாடசாலைக்கு அது எட்டாது.

மங்கனைட்டு பெரோகாந்தம். கியூரி வெப்பநிலை என்ற எல்லைக்குக் கீழே காந்தத்தில் ஒட்டும், நன்றாக மேலே போனால் பிடி விடும். என் முடிவைத் தீர்மானித்தது, அந்த வெப்பநிலையை நாமே தெரிவுசெய்யலாம் என்பதுதான். லந்தனத்தின் இடத்தில் ஸ்ட்ரொன்சியம் புகுந்தால் மங்கனீசில் ஒரு பகுதி மூன்று ஏற்றத்திலிருந்து நான்கு ஏற்றத்துக்கு மாறும். ஒட்சிசன் வழியாக இலத்திரன் இங்கிருந்து அங்கே தாவும். அந்தத் தாவலுக்கு இரு மங்கனீசின் திருப்பங்களும் ஒரே திசையில் இருப்பதே வசதி. 1951 இல் கிளாரன்ஸ் சீனர் (Zener) என்ற பௌதிகவியலாளர் முன்வைத்த இரட்டைப் பரிமாற்றம் இதுதான். ஆக, ஸ்ட்ரொன்சியம் கூடக்கூட, ஓர் எல்லைவரை, கியூரி வெப்பநிலையும் ஏறும்.

லந்தனத்தின் இடத்தில் பத்தில் மூன்று பங்கு ஸ்ட்ரொன்சியம் என்றால் ஏறத்தாழ 370 கெல்வின், 97 பாகை. கொழும்பில் கொதிநீர் அதை மட்டுமட்டாகத் தாண்டும். நுவரெலியாவோ 1,868 மீற்றர் உயரம். தண்ணீர் 94 பாகை அளவிலேயே கொதித்துவிடும், கியூரி வெப்பநிலையைத் தொடவே தொடாது. பத்தில் இரண்டு பங்கு என்றால் 309 கெல்வின், 36 பாகை அளவு. சரி, ஒரு குவளை வெந்நீரில் வேலை முடியும். ஆறியதும், தூளை அழுத்திச் சுட்ட மங்கனைட்டு வில்லை மறுபடி ஒட்டும். மலையகத்துக்கு இந்தக் கலவைதான்.

தயாரிப்பில் ஒரு தொல்லை உண்டு. லந்தனம் ஒட்சைட்டு காற்றின் ஈரத்தைக் குடித்து ஐதரொட்சைட்டாகும், நம் மூடுபனியில் சொல்லவே வேண்டாம். நிறுக்குமுன் 900 பாகைக்கு மேல் சூடாக்காவிட்டால் லந்தனம் குறைந்து கலவை பிசகும். அப்புறம் 1,200 பாகையைத் தாண்டிச் சுட வேண்டும். அதற்குப் பேராதனை போன்ற பல்கலைக்கழக உலைதான் வழி. சுட்ட பிறகு வில்லைக்குப் பராமரிப்பு என்று எதுவும் இல்லை.

நான் பார்த்தது சுட்ட வில்லைகளை மட்டுமே. அவற்றில் மாற்றம் சில பாகைகளுக்குப் பரவி நடக்கும். ஒற்றைப் படிகத்தின் கூர்மையை எதிர்பார்க்க வேண்டாம். வெப்பக் கொள்ளளவு அளக்கும் கருவி உள்ளவர்கள் கோபால்ட்டையே எடுக்கலாம், 18 பாகையை அண்டி வரைபில் தெளிவான முனை எழும். வாங்கும்போது மட்டும் கவனம்: கோபால்ட் ஒட்சைட்டு என்று விற்பதில் மூன்று கோபால்ட்டுக்கு நான்கு ஒட்சிசன் கொண்ட வகையும் உண்டு. அதற்கு இந்த 18 பாகை பொருந்தாது.