பழைய போர்ஷே பாக்ஸ்டர், கேமன் வாங்கப் போறீங்களா: 2005-ஆ, 2007-ஆ, 2009-ஆ?

"2009 மாடல் சார், 21,000 கிலோமீட்டர்தான் ஓடிருக்கு"ன்னு ஷோரூம் பையன் சொன்னதுமே மாப்ள விழுந்துட்டான். பெங்களூரு ஒயிட்ஃபீல்ட் பக்கம் ஒரு செகண்ட் ஹேண்ட் கடை, பேர் வேணாம். செவப்பு கேமன் எஸ், உள்ள சீட் லெதர்லாம் புதுசு மாதிரி. நான் ஆர்.சி.ய வாங்கிப் பாத்தா ரெஜிஸ்ட்ரேஷன் 2009 மார்ச், தயாரிச்சது 2008 ஜனவரி. ஷோரூம்ல ஒரு வருஷம் தூங்கிருக்கு போல. "அதனால என்னடா, ஒரு வருஷம்தானே"ங்கறான். போர்ஷேல அந்த ஒரு வருஷத்துல இன்ஜினே வேறடா, அதான் இந்தப் புலம்பல்.

போர்ஷே 987ன்னு கோடு வெச்ச பாக்ஸ்டர் 2004 கடைசில வந்துச்சு, கூரை போட்ட கேமன் அதுக்கு ஒரு வருஷம் கழிச்சு, 2012 வரைக்கும் ஓடுச்சு. வெளிய பாத்தா எல்லாம் ஒண்ணுதான். உள்ள மூணு விதம்.

மொதல்ல 2005. இதுலதான் ஊரே பயப்படுற ஐ.எம்.எஸ். பேரிங் இருக்கு. கிராங்க்ல இருந்து செயின் வழியா கேம்ஷாஃப்ட்டுக்கு சுத்து போகணும்ல, அதுக்கு நடுவுல ஒரு ஷாஃப்ட் (இன்டர்மீடியட் ஷாஃப்ட், சுருக்கமா ஐ.எம்.எஸ்.), அதோட ஒரு முனை சீல் பண்ண பால் பேரிங் மேல உக்காந்திருக்கு. நாளாவட்டத்துல சீல் விட்டுப்போய் உள்ள இருக்கற கிரீஸ் கழுவிட்டுப் போயிடும், பேரிங் ஆட ஆரம்பிக்கும், டைமிங் நழுவும், வால்வும் பிஸ்டனும் மோதிக்கும், கத முடிஞ்சுது. அமெரிக்கால இதுக்கு வழக்கே போட்டு, 2001 மே மாசத்துல இருந்து 2005 பிப்ரவரி வரைக்கும் செஞ்ச பாக்ஸ்டர், போர்ஷே 911 வண்டிங்களுக்கு செட்டில்மென்ட் வாங்கினாங்க. அதுக்கும் முன்னாடி 1999 வரைக்கும் வந்ததுல ரெண்டு வரிசை பால்ஸ் போட்ட பேரிங், அது பரவால்ல, அப்புறம் ஒத்த வரிசையா மாத்தினதுதான் வினை.

ஆனா இந்தப் பேரிங்கை மாத்திடலாம். கியர்பாக்ஸ எறக்கி, கிளட்ச், ஃப்ளைவீல கழட்டினா பின்னாடி தெரியும், அது வழியா உருவி வேற நல்ல பேரிங் போட்டுடலாம். மேனுவல் வண்டின்னா கிளட்ச் மாத்துறப்பவே சேத்து முடிச்சுக்கலாம், கூலி ஒண்ணுதான். டிப்ட்ரானிக் ஆட்டோமேட்டிக்னா அந்த சாக்கு கெடையாது, பேரிங்குக்குன்னே எறக்கணும், அதனால பாதிப்பேர் செய்யாமலே விட்டிருப்பாங்க. மாத்தின பில் இருக்கற 2005 மேனுவல் வந்தா நான் பயப்படவே மாட்டேன்.

2006ல இருந்து 2008 வரைக்கும் பெரிய பேரிங் போட்டாங்க. அது சும்மா சும்மா போறதில்ல, உண்மை. ஆனா அது ரொம்பப் பெருசு, ஓட்டை வழியா வெளிய வராது, மாத்தணும்னா இன்ஜின ரெண்டா பொளக்கணும். வெளிப்பக்க சீல மட்டும் பிடுங்கிட்டு இன்ஜின் ஆயிலே உள்ள போய் நனைக்கற மாதிரி விடறது ஒரு வழி, அவ்ளோதான்.

பேரிங் பெருசாச்சுன்னு நிம்மதியா இருக்க முடியாதபடி இந்த வருஷங்கள்ல வேற ஒண்ணு இருக்கு, அது 3.4 லிட்டர் இன்ஜின் போட்ட எஸ் மாடல்ல அதிகம். சிலிண்டர் சுவர் அலுமினியத்துல சிலிக்கான் கலந்து வார்த்தது, பிஸ்டன் மேல இருக்கற பூச்சு தேஞ்சு போச்சுன்னா சுவர்ல கோடு கோடா கீறல் விழுந்துடும். ஆயில் குடிக்கும், டிக் டிக்னு சத்தம் வரும், ஆறு சிலிண்டர்ல நாலு, அஞ்சு, ஆறு இருக்கற பக்கம்தான் பெரும்பாலும் அடி வாங்கும். இதுக்கு பேரிங் மாதிரி எறக்கி மாத்தற வைத்தியம் கெடையாது, சிலிண்டரயே திரும்பக் கட்டணும், அந்தக் காசுக்கு நம்மூர்ல ஒரு நல்ல புது காரே வந்துடும். குளிர் நாட்டுல இது ஜாஸ்தி, பெங்களூரு வெதருக்கு கொஞ்சம் தப்பிக்கலாம், ஆனா இங்க இருக்கற வண்டிங்க எல்லாம் வாரத்துக்கு ஒரு நாள் நந்தி ஹில்ஸ், மத்த நாள் பேஸ்மென்ட்ல கவர் போட்டு தூக்கம்னு வாழ்ந்ததுங்க, அதுவும் நல்லதில்ல.

எனக்கு இதெல்லாம் காட்டினது வில்சன் கார்டன்ல ஒரு மெக்கானிக் அண்ணன், ஆம்பூர்க்காரர். ஒரு வண்டில ஆயில் ஃபில்டர உருவி, அந்த மடிப்பு மடிப்பா இருக்கற பேப்பர கத்தியால அறுத்து, ஒரு தினத்தந்தி மேல விரிச்சு வெயில்ல வெச்சாரு. அப்புறம் காந்தத்த மெதுவா ஓட்டினாரு. ஒட்டிக்கிச்சுன்னா இரும்பு, அதாவது பேரிங். மினுக்குது ஆனா ஒட்டலன்னா அலுமினியம். கறுப்பு பிளாஸ்டிக் துணுக்கு தெரிஞ்சா பேரிங் சீல் உடைய ஆரம்பிச்சாச்சு. சிலிண்டர் பாக்கணும்னா பிளக் ஓட்டை வழியா கேமரா விட்டா மேல்பாதிதான் தெரியும், ஆயில வடிச்சு சம்ப்ப (இன்ஜின் அடியில இருக்கற ஆயில் தொட்டி) கழட்டி கீழ இருந்து பாக்கணும்ங்கறாரு. "ஓடின வண்டிய நம்பு தம்பி, நின்ன வண்டிய நம்பாத"ன்னாரு, 21,000 கிலோமீட்டர்னு சிரிச்சான்ல அந்தப் பையன், அவன நெனச்சுக்கிட்டேன்.

2009 மாடல்ல வந்தது முழுசா புது இன்ஜின், அந்த நடு ஷாஃப்ட்டே கெடையாது, பேரிங் கவலையே போச்சு. சிலிண்டர் சுவரும் வேற உலோகக் கலவை. இதுலயும் ரெண்டு: 3.4 எஸ்ல பெட்ரோல நேரா சிலிண்டருக்குள்ள அடிக்கும், கேமன்ல 320 குதிரை. எஸ் இல்லாத 2.9ல பழைய மாதிரி வால்வுக்கு முன்னாடி போர்ட்டுல அடிக்கும், கேமன்ல 265தான். என் ஓட்டு 2.9க்கு. ஹை பிரஷர் பம்ப் கெடையாது, வால்வ் மேல கார்பன் படியற கதையும் கம்மி, சில்க் போர்டு சிக்னல்ல நிக்கறதுக்கு 265ஏ அதிகம்.

புதுசா பழசான்னு கண்டுபிடிக்கறது ஈஸி. ஆட்டோமேட்டிக்னா அஞ்சு கியர் டிப்ட்ரானிக் பழசு, ஏழு கியர் பி.டி.கே. புதுசு. பின்னாடி லைட் எல்.இ.டி.யா இருந்தா புதுசு. சேஸிஸ் நம்பர்ல பத்தாவது எழுத்து 8னா 2008, 9னா 2009, ஏ-ன்னா 2010. விக்கறவர் வாய்ல வர்ற வருஷத்த கணக்குல எடுக்காதீங்க.

இதுக்கு பதிலா நிஸான் 370இசட் வாங்கலாமான்னு கேக்கறவங்களுக்கு: அந்த 3.7 வி6 முரட்டு இன்ஜின்தான், ஆனா மொத வருஷங்கள்ல முன் கவருக்குள்ள ஆயில் போற வழில பேப்பர் கேஸ்கெட், அது கிழிஞ்சா ஆயில் பிரஷர் எறங்கிடும். பின்னாடி மெட்டலா மாத்திட்டாங்க. கவர பிரிச்சா தீந்துச்சு, சிலிண்டர் கீறல் மாதிரி இல்ல. பாகம் கெடைக்கற கஷ்டம்தான் யோசிக்க வைக்குது.

அப்புறம் டி.எல். நம்பர் வண்டி மலிவா வரும். டெல்லில 15 வருஷம் தாண்டின பெட்ரோல் வண்டிங்களுக்கு தடை போட்டதால தள்ளி விட ஆரம்பிச்சாங்க. இங்க ஃபிட்னஸ் டெஸ்ட் பாஸ் பண்ணா அஞ்சஞ்சு வருஷமா ஆர்.சி. புதுப்பிச்சுக்கலாம், ஆனா என்.ஓ.சி. (ஆட்சேபணை இல்லைங்கற சான்று) வாங்கி கர்நாடகா டாக்ஸ் கட்டற செலவ விலையோட சேத்துப் பாருங்க.

அந்த செவப்பு வண்டிக்கு வருவோம். நாங்க போனப்ப இன்ஜின் ஏற்கெனவே சூடு, கோல்டு ஸ்டார்ட் காட்டுங்கன்னா "காலைலயே எடுத்துட்டோம் சார்"ங்கறான், ரெண்டு சைலன்சர் முனையும் கண்ணாடி மாதிரி தொடச்சு வெச்சிருந்தான். கீறல் விழுந்த பக்கம் மட்டும் கரி படிஞ்சிருக்கான்னு பாக்கத்தான் நான் குனிஞ்சது. சம்ப்ப கழட்டி பாத்துக்கறோம், செலவு எங்களுதுன்னு சொன்னோம், முதலாளிய கேட்டு சொல்றேன்னான். எட்டு நாளாச்சு. மாப்ள இப்ப புனேல ஒரு 2010 2.9 மேனுவல் பாத்து வெச்சிருக்கான், 58,000 ஓடினது, வருஷா வருஷம் ஆயில் மாத்தின பில் கட்டா இருக்காம். அண்ணனுக்கு டிக்கெட் போட்டாச்சு.