பழைய தேக்கு மேசையோடு 9 ஆண்டுகள்

1960களில் செய்த ஒரு தேக்கு மேசையில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். வாங்கி 9 ஆண்டுகள் ஆகின்றன. அதே காலத்து நீளமான சைடுபோர்டு (கதவு வைத்த தாழ்வான அலமாரி) ஒன்று 2 ஆண்டுகள் கழித்து வந்தது. அதற்கும் பிறகு வந்தது, சுவரில் தொங்கும் அலமாரி. சைடுபோர்டையும் அலமாரியையும் இன்று கண்ணில் பட்டாலும் யோசிக்காமல் வாங்குவேன். மேசையென்றால், என் நாற்காலியைக் கையோடு கொண்டுபோய் அதில் கால் மணி நேரம் உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தான் வாங்குவேன்.

மேசையின் உயரம் 73 செ.மீ. அதில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் நடு டிராயரின் அடிப்பலகை தரையிலிருந்து 60 செ.மீ.யில் இருக்கிறது. என் இருக்கையின் உயரம் 46. மிச்சமிருக்கும் 14 செ.மீ.க்குள் தொடை அடங்கியாக வேண்டும். நாற்காலியின் கைப்பிடி 66 செ.மீ.யில் இருப்பதால் மேசைக்கு அடியில் போகாமல் டிராயரில் இடித்து நின்றுவிடும். அதனால் எட்ட உட்கார்ந்து, குனிந்து தட்டச்சு செய்தேன். ஓர் ஆண்டு முழுக்க முதுகுவலி. மரத்தின் ரேகை, கால்களின் சாய்வு, பின்பக்கத்துப் புத்தகத் தட்டு எல்லாவற்றையும் ரசித்து வாங்கிய எனக்கு முழங்காலுக்கு எவ்வளவு இடம் என்று அளக்கத் தோன்றவில்லை.

அன்றைய மேசைகள் பேனாவும் காகிதமும் வைத்து எழுதுவதற்காகச் செய்யப்பட்டவை. கைப்பிடி இல்லாத நாற்காலியைப் போட்டால் ஒரு மணி நேரம் கடிதம் எழுத அருமையாக இருக்கும். எட்டு மணி நேரம் திரையைப் பார்ப்பது வேறு வேலை. கடைசியில் நடு டிராயரைக் கழற்றித் துணியில் சுற்றிப் பத்திரப்படுத்தினேன். டிராயர் ஓடிய அதே காடியில், அதாவது மரத்தில் வெட்டிய பள்ளத்தில், 2 செ.மீ. ஆழமுள்ள தட்டு ஒன்றைத் தச்சர் செய்து செருகினார். மேசையில் ஓர் ஆணிகூட அடிக்கவில்லை, வேண்டுமென்றால் பழைய டிராயர் நாளைக்கே திரும்ப உள்ளே போகும். கேபிளுக்காக மேல்பலகையில் துளை போடச் சொன்னவர்களுக்கும் மறுத்துவிட்டேன். பின்விளிம்பின் அடியில் ஒரு கம்பித் தட்டைக் கவ்வியால் பிடித்து, எல்லாவற்றையும் அதில் படுக்க வைத்திருக்கிறேன்.

சைடுபோர்டு வாங்கும்போது அளவுநாடாவோடுதான் போனேன். 1960களின் சாமான்களைப் புரிந்துகொள்ள டென்மார்க்கின் காரே கிளிந்த்தைப் பற்றித் தெரிந்துகொள்வது நல்லது. தட்டு, கோப்பை, துணிமணி என்று வீட்டில் புழங்கும் பொருள்களை அளந்து பார்த்து, அதற்கேற்ற அலமாரி வடிவமைத்தவர் அவர். அவருடைய மாணவர் போர்ஜே மோகன்சன், கிரேத்தே மேயருடன் சேர்ந்து 1950களில் அதே வழியில் ஒரு சேமிப்பு அலமாரி வரிசையையே உருவாக்கினார். உள்ளே போகும் பொருளிலிருந்து தொடங்கி வெளியே வந்த வடிவங்கள் இவை. ஆனால் அவர்கள் அளந்தது அன்றைய வீட்டுப் பொருள்களை. நம் வீட்டில் இருப்பதை நாம்தான் அளக்க வேண்டும்.

என் சைடுபோர்டின் வெளி ஆழம் 45 செ.மீ. முன்னால் இரண்டு தடத்தில் ஓடும் தள்ளுகதவு, பின்னால் பலகை, இவற்றைக் கழித்தால் உள்ளே 39தான். எல்பி இசைத்தட்டு உறை 31.5 செ.மீ. என்பதால் தாராளமாக நிற்கும். ஏ4 கோப்புகளும் நிற்கும். என் பிரிண்டருக்கு இடமில்லை. முன்பே தெரிந்திருந்ததால் அதற்கு வேறு இடம் பார்த்துவிட்டேன், ஏமாற்றம் இல்லை.

நீளம் 2 மீட்டர். இவ்வளவு நீளத்தை நான்கு கால்கள் மட்டும் தாங்கினால் நடுவில் தொய்வு விழும். வாங்கும்போது அடிப்பக்கத்தில் முனைக்கு முனை ஒரு நூலை இழுத்துப் பிடித்துப் பாருங்கள். நூலுக்கும் பலகைக்கும் இடைவெளி எங்கும் ஒரே அளவாக இருக்க வேண்டும். கதவு ஓரிடத்தில் இறுக்கமாகவும் இன்னோரிடத்தில் லூசாகவும் ஓடினாலும் தொய்வுதான் காரணமாக இருக்கும். நூறு எல்பிக்கள் 20 கிலோவுக்கு மேல் வரும். அந்தப் பாரத்தைக் கால்களுக்கு நேர் மேலே வைத்து, நடுவில் மேசைவிரிப்பும் பாய்களும் வைக்கிறேன். 7 ஆண்டுகளில் தொய்வு துளிகூட இல்லை.

தள்ளுகதவுகளை எனக்கு மிகவும் பிடிக்கும். குறுகலான அறையில் கதவு திறக்க இடம் விட வேண்டியதில்லை. மேல்காடி கீழ்காடியைவிட ஆழமாக இருக்கும். கதவை மேலே தூக்கி, கீழ்விளிம்பை முன்னால் இழுத்தால் கையோடு வந்துவிடும். சுத்தம் செய்ய இதைவிட எளிய கதவு இல்லை. மெல்லிய மரச்சட்டங்களைத் துணியில் ஒட்டிச் செய்த சுருள்கதவும் அழகுதான், ஆனால் பின்னாலிருக்கும் துணி இற்றுப்போயிருக்கிறதா என்று பார்க்காமல் வாங்காதீர்கள். துணியை மாற்ற முடியும் என்றாலும் பொறுமை கேட்கும் வேலை அது.

இனி வெனீர். அன்றைய சாமான்களில் மேல்பலகை பெரும்பாலும் முழுத் தேக்கு கிடையாது. ஒட்டுப்பலகையின் மீதோ துகள் பலகையின் மீதோ ஒட்டிய மெல்லிய தேக்குத் தகடு. ஓரங்களிலும் கால்களிலும்தான் கட்டித்தேக்கு. இது தரக்குறைவு என்று நினைக்க வேண்டாம். கட்டிமரம் பருவத்துக்குப் பருவம் அகலத்தில் விரியும், சுருங்கும். வெனீர் பலகை அசையாமல் கிடக்கும். ஆனால் அதன் கனம் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. மேசையில் இருந்த ஒரு தண்ணீர் வளையத்தைப் போக்க, முதல் ஆண்டே இயந்திரத்தில் உப்புத்தாளை மாட்டித் தேய்த்தேன். ஒரு நிமிடம் ஆகியிருக்காது, விளிம்பை ஒட்டி உள்ளங்கை அளவுக்கு வெளிறிய அடிப்பலகை தெரிந்தது. அதைத் திரும்பக் கொண்டுவர வழியே இல்லை. இன்றும் அந்த இடத்தில்தான் என் விளக்கு நிற்கிறது, பார்க்கும்போதெல்லாம் மனது சுருக்கென்கிறது.

அந்த வளையம் மேல்பூச்சில் மட்டும் இருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. எந்தப் பூச்சு என்று கண்டுபிடித்த பிறகே கையை வைக்க வேண்டும். கண்ணுக்குப் படாத மூலையில் ஒரு சொட்டு ஸ்பிரிட் வைத்தால் அரக்குப் பூச்சு இளகும். லேக்கருக்குத் தின்னர் வேண்டும். இரண்டுக்கும் அசையாமல் மரம் ஈரமாகக் கறுத்தால் அது பெரும்பாலும் எண்ணெய்ப் பூச்சு. என்னுடையதற்கு ஆண்டுக்கு ஒருமுறை எண்ணெய் தடவித் துடைப்பதே போதும். ஆளிவிதை எண்ணெய் நனைந்த துணியை மட்டும் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள். அது தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துப் போட்டுக் காயவிட்டு, பிறகு எறியுங்கள்.

டிராயரை முழுதாக வெளியே எடுத்துக் கவிழ்த்துப் பார்ப்பது இப்போது எனக்குப் பழக்கமாகிவிட்டது. மூலையில் புறாவால் இணைப்பு (புறாவின் வால்போல விரிந்த பற்கள் ஒன்றுக்குள் ஒன்று கோக்கும் மூட்டு) ஆடாமல் இருக்கிறதா, பக்கவாட்டுக் காடி தேய்ந்திருக்கிறதா, ஊசித்துளைகள் உண்டா என்று பார்ப்பேன். துளை இருந்தாலே உளு உயிரோடு இருக்கிறது என்று அர்த்தமில்லை. அடியில் கறுப்புத் தாளை விரித்துச் சில வாரம் விட்டுப் பாருங்கள். வெளிர்நிறப் பொடி புதிதாக விழுந்தால், மற்ற மரச்சாமான் பக்கம் அதை விடக் கூடாது. ஒருமுறை பூஞ்சை வாடை அடித்தபோது காயவைத்துத் துடைத்து, உட்புறம் மட்டும் அரக்கு இரண்டு கை பூசினேன், வாடை அடங்கிவிட்டது. மழைக்காலத்தில் டிராயர் இறுகினால் இழைப்புளியைத் தேடாதீர்கள்; அப்போது சீவினால் வெயில் காலத்தில் லொடலொடவென்று ஆடும். காடியில் மெழுகுவத்தியைத் தேய்த்தால் போதும்.

வால்நட் வெளிச்சத்தில் வெளுக்கும், செர்ரி கறுக்கும். ஜன்னலோரம் வைப்பதானால் மேலே இருக்கும் பொருள்களை அவ்வப்போது இடம் மாற்றுங்கள். பிரேசில் ரோஸ்வுட் சாமானை ஆசைப்பட்டு வெளிநாட்டிலிருந்து வரவழைக்க நினைத்தால் முதலில் அனுமதிப் பத்திரங்களைக் கேளுங்கள். 1992 முதல் அந்த மரம், அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது.

சுவர் அலமாரியைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. போல் கடோவியஸ் 1948இல் வடிவமைத்த ராயல் சிஸ்டம், நிஸ்ஸெ ஸ்ட்ரின்னிங்கின் 1949ஆம் ஆண்டு ஸ்ட்ரிங், டீட்டர் ராம்ஸின் 1960ஆம் ஆண்டு 606 எல்லாமே தரையைக் காலியாக விட்டுச் சுவரை வேலை வாங்கும் யோசனைதான். ஸ்ட்ரிங்கும் 606உம் இன்றும் தயாரிப்பில் இருக்கின்றன. பழையது வாங்குவதில் எனக்கு இது பெரிய விஷயம், ஏனென்றால் தட்டோ பிடிப்போ தொலைந்த அலமாரி பாதி விலைக்கு வந்தாலும் மூலையில்தான் கிடக்கும். என்னுடையது யார் செய்தது என்று தெரியாத ஒன்று. பெயருக்குக் கொடுக்கும் பணத்தை நல்ல நிலைக்குக் கொடுக்கலாம் என்பது என் எண்ணம். ஆனால் பிடிப்புகளை எண்ணிப் பார்த்து, இரண்டு கூடுதலாகக் கேட்டு வாங்கினேன். சுவர் எதனால் ஆனது என்று தட்டிப் பார்த்து, அதற்கேற்ற ஆணியில் மாட்டினேன். ஒரு மீட்டர் நீளத்துக்குப் புத்தகம் அடுக்கினால் 20 கிலோவைத் தாண்டும்.

தரையில் நிற்கும் உயரமான டிராயர் அலமாரி எடுத்தால், குழந்தைகள் இருந்தாலும் இல்லாவிட்டாலும், சுவரோடு பிணைத்துவிடுங்கள். மூன்று டிராயர் ஒன்றாகத் திறந்தால் அது முன்னால் சாயும்.

அடுத்து, கைப்பிடி இல்லாத நாற்காலி ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கிறேன். இருக்கை 44 செ.மீ.க்கு மேல் போகக் கூடாது. கிடைத்தால் துணியில் சுற்றி வைத்திருக்கும் அந்த நடு டிராயரைத் திரும்ப மாட்டிவிடுவேன்.